ஒரு பீப்பாய்க்கு ஐந்து முட்டை

நான் ஒயின் வியாபாரத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டம்மா செய்வது நல்ல வியாபாரம்தானா என்று விசாரித்தாராம். என் வீட்டுக்காரர், அவள் விற்பது சரக்கு இல்லை, சரக்கைத் தெளிய வைக்கிற முட்டை வெள்ளை என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கு அதில் வருத்தம்தான். இன்னும் கொஞ்ச நாள் அவரைக் கவலைப்பட விட்டிருக்கலாம்.

எங்கள் முட்டைத்தூள் ஆலை நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகிற வழியில் இருக்கிறது. பண்ணைகளில் இருந்து வரும் முட்டையை உடைத்து, மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்து, தனித்தனியாகக் காயவைத்துத் தூளாக்குவோம். மஞ்சள் தூளுக்கு எப்போதும் ஆள் உண்டு. வெள்ளைதான் தலைவலி. வெளிநாட்டுக் கேக் கம்பெனிகள் வாங்கும் என்று, விற்பனை பார்க்கும் நான் அடித்துச் சொன்னதை நம்பித்தான் முதலாளி வெள்ளைக்கென்று தனியாக ஓர் உலர்த்தும் இயந்திரம் வாங்கிப் போட்டார். போட்ட பிறகு, ஐரோப்பாவிலேயே மலிவாகக் கிடைக்கிறது என்று கேக் கம்பெனிக்காரர்கள் கைவிரித்தார்கள். கிடங்கில் மூட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. ஆடி முடிவதற்குள் நிலையாக வாங்குகிற ஆள் ஒருவரைப் பிடிக்காவிட்டால் இயந்திரத்தை விற்றுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பிரிவில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேரையும் ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சேர்த்தவள் நான். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சித்திரையில் பிரான்சில் இருந்து ஒரு விசாரிப்பு வந்தது. போர்தோ பக்கம், ஒயின் செய்கிறவர்களுக்குத் தேவையான சாமான்களை விற்கும் ஒரு பெண். சிவப்பு ஒயினில் முட்டை வெள்ளையைக் கலந்தால் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு குறையும், கசடும் சேர்ந்து இறங்கிவிடும். கலங்கிய தண்ணீரில் படிகாரம் சுற்றினால் மண் அடியில் தங்குகிறதே, ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்தச் சந்தையை அங்கே ஒரு பெரிய கம்பெனி பல காலமாகக் கையில் வைத்திருந்தது. அவர்களுக்கு ஆள் பலம், பெயர், பக்கத்திலேயே கிடங்கு எல்லாம் உண்டு. எங்களுக்கு இருந்தது முட்டை.

வீடியோ அழைப்பில் அந்தப் பெண் கிலோ விலை கேட்டார், தண்ணீரில் கரையும் வேகம் கேட்டார், சான்றிதழ்கள் கேட்டார். நான் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி பொறுமை இழந்துவிட்டார். எங்கள் ஊரில் எல்லாக் கணக்கும் முட்டையில்தான். தீவனம், டீசல், லாரி வாடகை, கரண்டு பில் எதுவானாலும் ஒரு முட்டைக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். கிலோ என்றால் காதிலேயே ஏறாது.

"அதெல்லாம் இருக்கட்டும் அம்மிணி. ஒரு பீப்பாய்க்கு எத்தன முட்டைன்னு கேளு" என்றார்.

எனக்கு மானம் போனது. சர்வதேச வியாபாரம் பேசும்போது அட்டை முட்டை வாங்க வந்தவர் மாதிரி கேட்கிறாரே என்று இருந்தது. கேட்காவிட்டால் விடமாட்டார் என்பதால் கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தன் ஊரிலும் அப்படித்தான் கணக்கு என்றார். ஒரு மரப்பீப்பாய்க்கு ஐந்து முட்டை, ஒயின் முரடாக இருந்தால் ஆறு. கிராம் கணக்கில் தூள் விற்க ஆரம்பித்த நாளில் இருந்து, இது எத்தனை முட்டை என்று, சொந்தமாக ஒயின் செய்கிற திராட்சைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் தன்னிடம்தான் கேட்கிறார்கள், கணக்குப் போட்டுச் சொல்லியே அலுத்துவிட்டது என்றார்.

அழைப்பு முடிந்ததும் முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பெரிய கம்பெனி விற்பது இருபத்தைந்து கிலோ மூட்டை என்று அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பத்துப் பதினைந்து பீப்பாய் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர் மூட்டையைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஈரம் பட்டு வீணாகும். எடை போட ஒரு தராசும் வேண்டும். இந்தத் தொல்லைக்கு முட்டையை உடைத்தே ஊற்றிவிடலாம் என்று பலர் பழைய முறைக்கே போயிருந்தார்கள். அப்படியானால் நான் பீப்பாய்க்கு ஒரு பொட்டலமாக விற்கிறேன். கிழித்தால் ஐந்து முட்டை வெள்ளை, அவ்வளவுதான். பெரிய தோட்டங்களைப் பெரிய கம்பெனியே வைத்துக்கொள்ளட்டும்.

முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பொட்டலம் போட ஆள் செலவு கூடும் என்றார். பிறகு அவரே முட்டைக் கணக்கில் போட்டுப் பார்த்து, பரவாயில்லையே என்றார். உறையில் நாமக்கல் என்ற பெயரும் ஐந்து முட்டைப் படமும் பெரிதாகப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவர்தான்.

நாங்கள் மாதிரி அனுப்பிய விஷயம் பெரிய கம்பெனிக்கு எட்டிவிட்டது. உடனே மூட்டை விலையைக் குறைத்தார்கள். போர்தோப் பெண்ணின் குரலில் தயக்கம் வந்தது. ஆனி பாதியாகியிருந்தது. நாமும் குறைத்துவிடலாம் என்று முதலாளி அவசரப்பட்டார்.

"குறைக்காதீங்ணா. வெலையில மோதுனா அவங்க ஒரு வருசம் நட்டத்துக்குக்கூட விப்பாங்க. நம்மளால ஒரு மாசம் முடியாது" என்றேன். அவர் முகம் சிவந்தது. நானும் விடவில்லை. இயந்திரம் போனால் போகட்டும், ஆனால் அவர்கள் ஆட்டத்தை ஆடி அதைத் தோற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே விலையை அப்படியே விட்டுவிட்டார்.

போர்தோவுக்கு நான் ஒரே கோரிக்கை வைத்தேன். ஒரே ஒயின், மூன்று பீப்பாய். ஒன்றில் பச்சை முட்டை, ஒன்றில் பெரிய கம்பெனித் தூள், ஒன்றில் எங்கள் பொட்டலம். எது எதில் என்று சொல்லாமல் தோட்டக்காரர்களையே குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் சரி என்றார்.

அடுத்து வந்த வாரங்களில் நான் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். ஒயினைக் கண்ணால்கூடப் பார்த்திராத நான், அது தெளிய வேண்டும் என்று எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மன் என்ன நினைத்தாளோ.

ஆடி பாதியில் பதில் வந்தது. பச்சை முட்டைப் பீப்பாய்க்கும் எங்கள் பீப்பாய்க்கும் தோட்டக்காரர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய கம்பெனித் தூள் போட்டதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டார்கள். கேக்குக்காக நுரை கூட்டும் மருந்து சேர்த்த தூளையே அந்தக் கம்பெனி ஒயினுக்கும் விற்றுக்கொண்டிருந்தது போலிருக்கிறது, கரைக்கும்போது நுரைத்துக்கொண்டு பாதி வேலை செய்யவில்லை; எங்கள் தூளில் முட்டை வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. பதிலின் கடைசியில் கொள்முதல் உத்தரவு இருந்தது. ஒரு தடவைக்கு இல்லை, ஒவ்வொரு வருடமும். நான் போனைத் தூக்கிக்கொண்டு வெள்ளைப் பிரிவுக்கு ஓடினேன். இயந்திரச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். தலையில் மாட்டிய வலைத்தொப்பியோடு எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் விசித்து விசித்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மறு வருடம் பெரிய கம்பெனியே எங்களுக்கு எழுதியது. நீங்கள் செய்யும் பொட்டலம் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், உறையில் எங்கள் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற அம்மிணி?"

"நம்ம பேரோட வேணும்னா வாங்கி விக்கட்டுமுங்ணா. இல்லீன்னா வேண்டாம்னு சொல்லிப்போடலாம்."

அவர் தலையாட்டினார். அப்படியே எழுதினேன். அவர்கள் கோபித்துக்கொண்டு சில மாதம் பேசாமல் இருந்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். இன்று அவர்களுடைய விலைப்பட்டியலில், அவர்கள் மூட்டைக்கு மேல் வரியில், நாமக்கல் என்ற பெயரோடு எங்கள் பொட்டலம் இருக்கிறது. விலை அவர்கள் தூளைவிடக் கூடுதல்.