பெரியாஸ்பத்திரி வாசலில் அய்யாவின் காலைப்பொழுதுகள்

"ரிட்டயர் ஆனவனுக்கு இனிமே என்னத்தா இருக்கு? மூணு வேளைச் சோறு, சாயந்தரம் சாவடி, அப்புறம் சாவு. இதுக்கு மேல ஒங்கய்யன் என்னத்தக் கிழிச்சிரப் போறான்?"

அய்யா ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில் எங்கள் பெரியப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று நான் பதில் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது பெண்பிள்ளைகள் எதிர்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். எழுதக்கூடாது என்று மட்டும் ஒரு வழக்கம் கிடையாது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த பெண் ஒருத்தியும் இருந்ததில்லை. ஆகவே அதைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அய்யாவின் முதல் திவசத்துக்கான இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் தாம் ஒரு தடவை கேட்க வேண்டும், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். நான் காட்டவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து நான் வாங்கும் சம்பளத்தில் அச்சிட்ட மலர் இது. உறவினர்களும் நண்பர்களும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.

அய்யா பிறந்தது திருமங்கலத்துக்கு மேற்கே, மழையை நம்பிப் பருத்தி போடும் ஒரு கரிசல் கிராமத்தில். மீசை முளைக்கும் முன்பே தகப்பனாரை இழந்தார். தொடர்ந்து மழை தவறிய காலத்தில், ஊரில் இருந்தால் பட்டினிதான் என்று மதுரைக்கு நடந்தே வந்து, தண்டவாள வேலைக் கூலியாக ரயில்வேயில் சேர்ந்தார். பிறகு பாயிண்ட்ஸ்மேன் ஆனார். வருகிற வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் வேலை அது. வெயிலோ மழையோ, இரும்புக் கம்பியைப் பிடித்து இழுத்து நின்ற கைகள் அவை. அந்தக் கைகள் கடைசிவரை கையெழுத்துப் போட்டதில்லை, பெருவிரல் ரேகைதான். அந்த ரேகையை வைத்துத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதற்காக உறவினர்கள் சொன்ன வார்த்தைகளை எழுத இந்த மலரில் பக்கம் போதாது. இன்று எழுத வந்தது வேறு.

வேலை முடிந்ததும் ரயில்வே வீட்டைக் காலி செய்துவிட்டுக் கரிமேட்டில் பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தோம். வந்த மறுநாளே ஒன்று தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்ற மனிதரின் நேரம் அவருடையது அல்லவாம். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பொதுவாம். பெரியப்பாவின் அரிசிக் கடையில் அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரும்வரை அய்யா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் வழக்குக்குக் கோர்ட்டு மரத்தடியில் காத்திருக்க வேண்டும். இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாமான் அறைக்குக் காவல் இருக்க வேண்டும். யாராவது இறந்தால் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். "ஒனக்கென்னடா, சும்மாத்தானே இருக்க?" இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அய்யாவை எங்கேயும் அனுப்பலாம்.

அய்யா போனார், வந்தார். ஆனால் வீட்டில் இருக்கும்போது போடி ரயில் ஊதும் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். "இன்னைக்கு லேட்டு" என்பார். எங்களிடம் அல்ல, இலையிடம். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாமல் அவர் தெருவில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பார்த்தார். சாவடியில் உட்கார்ந்து பார்த்தார். "ஊர்ப் பொரணி பேசுறாய்ங்க ஆத்தா, ஒண்ணும் வெளங்கல" என்று எழுந்து வந்துவிட்டார்.

அப்படி இருக்கையில் கண்ணில் நீர் வடிகிறது என்று ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மரத்தடியில் மேலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் நோயாளிக் கணவரை வண்டியிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்திவிட்டு, எந்தக் கதவுக்குள் போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார். போவோர் வருவோரைப் பார்த்து அவர் கும்பிட்டதை எல்லோரும் பிச்சை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அய்யா நின்றார். அந்த மனிதரைத் தோளில் தாங்கி உள்ளே கொண்டுபோய், டாக்டர் பார்க்கும்வரை கூட இருந்து, படுக்கை கிடைக்கும்வரை நின்று, பிற்பகலில் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணுக்கு என்ன சொன்னாக?" என்று அம்மா கேட்டார்.

"அது கெடக்குது. நாளைக்குக் காட்டிக்கிறலாம்."

மறுநாளும் காட்டவில்லை. அதற்கு மறுநாளும் காட்டவில்லை. "ஒங்க கண்ணு என்னைக்குத்தான் டாக்டரப் பாக்கும்?" என்று அம்மா சிரித்தார். வேலையை விட்டு வந்தபின் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அய்யாவுக்குக் காலைகள் திரும்பக் கிடைத்தன. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அம்மா கொடுத்த சோற்றுத் தூக்குவாளியோடு கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் ரொட்டிக்கடை வைத்திருந்த பாய் அவருக்கு நண்பரானார். நான் ஒரு விடுமுறை நாளில் கூடப் போனபோது அவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன அண்ணே, டூட்டிக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு பாய். எம்புட்டு வண்டி நிக்கிது?"

"மேலூர்ப் பாசஞ்சர் வந்திருச்சு. ஒத்தக்கடை மாட்டு வண்டிதான் லேட்டு. சிக்னல் விழலயாக்கும்!"

கிராமத்திலிருந்து பயந்துபோய் வருகிறவர்களை அய்யா வாசலிலேயே பிடித்துக்கொள்வார். எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். ஆள் துணை இல்லாத நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பார். பேச ஆள் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் பேசக்கூட மாட்டார். யாரும் கேட்டுச் செய்யவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. அவரை அங்கே பார்த்தபோது, கம்பியை இழுத்துவிட்டு வண்டி சரியான தண்டவாளத்தில் போவதைப் பார்த்து நிற்கும் அதே மனிதரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர் சாவடியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் ஒருநாளாவது அந்த வாசலுக்கு வந்து பார்த்திருக்கலாம். வரவில்லை.

மேலூர் அம்மாளின் கணவர் பல வாரம் கிடந்து இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். சொந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த அம்மாள் அய்யாவை "சாமி, சாமி" என்றே கூப்பிட்டு வந்தவர். "சாமியாவது பூதமாவது, அண்ணேன்னு கூப்பிடு" என்று அய்யா திருத்தியிருந்தார். அன்று, "அண்ணே, வெறும் ஒடம்பாப் போறாரே" என்று அந்த அம்மாள் அழுததும், அய்யா கடைவீதிக்குப் போய்ப் புது வேட்டி ஒன்று வாங்கிவந்து உடம்பின்மேல் போர்த்தி, வண்டியோடு மயானம்வரை நடந்தார்.

இறந்தவர்மேல் கோடித் துணி போடுவது நம்மில் யார் உரிமை என்று உங்களுக்குத் தெரியும். பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன், மாமன், மைத்துனன் போடுவான். வேறு யாரும் போட்டால், நான் உனக்குச் சம்பந்தக்காரன் என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். அய்யாவுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகமே வரவில்லை. துணி இல்லாத உடம்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

செய்தி கரிமேட்டுக்கு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

"கோடி போட்டியாமேடா?" என்றார் பெரியப்பா.

"போட்டேண்ணே."

"யாரு பொணத்துக்கு?"

"மேலூர்ப் பக்கத்து ஆளு. பாவம், ஆருமில்ல."

"ஆருமில்லைன்னா நீ மாமனா, மச்சானா? என்ன சாதி, என்ன சனம்னு கேட்டியா?"

"கேக்கத் தோணலண்ணே."

வாசலில் நின்ற சொந்தக்காரர் ஒருவர், "மாப்ள, மேலூர்ல பொண்ணு எடுத்திருக்கியா, குடுத்திருக்கியா? அதச் சொல்லிரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அய்யா தலை குனிந்து நின்றார். எத்தனையோ வண்டிகளைத் தவறில்லாமல் அனுப்பியவர், ஒரு வேட்டிக்காகக் குற்றவாளிபோல் நின்றார். அந்த மேலூர்க்காரர் என்ன சாதி என்று இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஆசையோடு இருக்கட்டும்.

அப்போது எனக்குத் திருமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். "ஆசுபத்திரிப் பொணத்துக்குக் கோடி போட்ட வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதார். அம்மா அழுததும் அய்யா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினார். பெரியப்பாவுக்குச் சந்தோஷம், அரிசிக் கடைக்கு ஆள் கிடைத்தது.

அந்த மாதங்களை நான் மன்னிக்க மாட்டேன். அய்யா கடையில் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர் கூப்பிட்டால் காதில் விழாது. சாப்பாடு குறைந்தது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. நோய் ஒன்றும் இல்லை. ஒரு மனிதருக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் இருந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர்கள் அவர் நன்மைக்கென்றே பிடுங்கியதாகச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் காலையில் சோற்றுத் தூக்கை நானே நிரப்பி அவர்முன் வைத்தேன்.

"அய்யா, கெளம்புங்க."

"ஒங்கல்யாணம் நிக்கிதே ஆத்தா."

"அது நிக்கட்டும். நீங்க நடங்க. பொணத்துக்குத் துணி போட்டதுக்குக் கோவிச்சுக்கிற வீட்டுல நான் என்னன்னு போயி இருப்பேன்?"

அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய் வெளுத்த வேட்டியை எடுத்துவந்து கொடுத்தார்.

அதன்பிறகு அவர் ஒருநாளும் நிற்கவில்லை. பெரியப்பா வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. விசேஷங்களுக்கு அழைப்பு நின்றது. அய்யா அதற்காக வருந்தினார், ஆனால் போனார். மழையில் நனைந்து வந்த ஒருநாள் காய்ச்சல் கண்டது. அவர் எத்தனையோ பேருக்குத் துணை இருந்த அதே ஆஸ்பத்திரியில்தான் உயிர் பிரிந்தது. கடைசி நாட்களில் அவர் கட்டிலருகே ஆள் இல்லாத நேரம் இருந்ததில்லை. அதில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பது அவரவர்க்குத் தெரியும்.

உடம்பு வீட்டுக்கு வந்தது. பெரியப்பாவும் வந்தார். உயிரோடு இருந்தவரிடம் பேசாதவர், சாவுக்குத் தலைமை ஏற்றுக்கொண்டார். மாமன்மார் கோடி போட்டார்கள். அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு கூட்டம் வந்து நின்றது. மேலூர் அம்மாள், இலங்கையிலிருந்து திரும்பியிருந்த பிள்ளைகள், அய்யா வாசலில் கைபிடித்து உள்ளே கொண்டுபோன இன்னும் சில கிராமத்து மனிதர்கள், கடையைச் சாத்திவிட்டு வந்த பாய். அந்த அம்மாள் கையில் தட்டு; தட்டில் கோடி.

பெரியப்பா அவர்களை முனையிலேயே மறித்தார். "மொறை இல்லாதவக கோடி இங்க வாங்குறதில்ல. மாலைய வேணும்னா அங்கிட்டே வச்சிட்டுப் போங்க."

"எம்புருசனுக்கு அண்ணன் போட்டாரு சாமி. அண்ணனுக்கு நாங்க போடக்கூடாதா?"

"கூடாது."

பாய் முன்னால் வந்து, "பெரியவரே, எறந்தவர் மனசு சங்கடப்படும்" என்றார். "ஒங்க சோலியப் பாரும் பாய்" என்று பதில் வந்தது.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவிலிருந்து எழுந்து நான் ஓடினேன். "வயசுப்புள்ள தெருமொனைக்கு வாரதா? உள்ள போடி!" என்று பெரியப்பா கையை ஓங்கினார். நான் போகவில்லை. அவர் திரும்பிப் பாடையைத் தூக்கச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தட்டைத் தொடுவதற்குள் அய்யா எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார். அவர்கள் மயானம்வரை பின்னாலேயே, தள்ளியே, நடந்துபோனார்கள். அங்கேயும் விடவில்லை. கோடி மேலூருக்கே திரும்பிப் போனது.

இது நடந்து ஓராண்டு ஆகிறது. என் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. உழைத்து ஓய்ந்த ஒரு மனிதர் தமக்குக் கிடைத்த சில வருஷங்களை எப்படிச் செலவழிப்பது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததற்கு அவர் உயிரோடு இருந்தபோது ஒருமுறை தண்டித்தீர்கள். இறந்தபின் இன்னொருமுறை தண்டித்தீர்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அய்யாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், தினமும் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்த பாய்க்கும், சேதி கேட்டதும் ஓடிவந்த மாமன்மார்களுக்கும், யார் என்ன சொன்னாலும் சோற்றுத் தூக்கை நிரப்பி அனுப்பிய அம்மாவுக்கும் என் வணக்கம். தெருமுனையில் நின்று திரும்பியவர்களுக்கு நன்றியை எழுத்தில் சொன்னால் போதாது என்று பட்டது.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேலூருக்குப் போனேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்வதுபோல் வாசலில் நின்று, அய்யாவின் முதல் திவசத்துக்கு வரவேண்டும் என்று சொன்னேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பாய்க்கும் சொல்லிவிட்டேன். எல்லோரும் வருகிறார்கள். கோடி கொண்டுவந்தவர்களுக்கு முதல் பந்தி என்பது நம் வழக்கம். அவர்கள் கொண்டுவந்தார்கள். அம்மாதான் பரிமாறுகிறார்.

இந்த மலரை உங்கள் கையில் கொடுக்கும்போது அவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியப்பாவுக்கும் மற்ற உறவினர்களுக்கும் இரண்டாம் பந்தியில் இலை போடச் சொல்லியிருக்கிறேன். உட்கார விருப்பம் இல்லாதவர்கள் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிடலாம். நான் அங்கேதான் நிற்கிறேன்.