ஐந்தாம் தேதிப் பணம்

லீலாபாய் ஸ்கூட்டர் வாங்கிய வாரத்தில்தான் முதல் கேள்வி வந்தது. கேட்டவன் ஸ்ரீஜித். சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருக்கும் ஒத்திகை அறைக்கு அவள் ஹெல்மெட்டும் கையுமாக ஏறி வந்தபோது, கீபோர்டுக்கு வயர் செருகியபடியே கேட்டான்.

"சேச்சி, வண்டி புதுசா?"

"பழசுதான். செகண்ட் ஹேண்ட்."

"எவ்வளவு ஆச்சு?"

"முப்பத்தெட்டாயிரம்."

"ரொக்கமாவா?"

அவள் ஹெல்மெட்டை ஜன்னலோரம் வைத்தாள். மூலையில் ஆக்டோபேட் என்ற எலெக்ட்ரானிக் டிரம் வாசிக்கும் ஷிபு தலை நிமிராமல் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தான். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தான். அவன் காது முழுக்க இங்கேதான் இருந்தது என்பது லீலாபாய்க்குப் புரிந்துவிட்டது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் பாறசாலை. இப்போது நேமத்தில் வாடகை வீடு. சர்ச் கொயரில் பாட ஆரம்பித்து, பத்தொன்பது வருஷமாக கானமேளா என்ற மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் பாடுகிறாள். கணவன் ராஜையன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டருக்குக் கீழே கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை செய்கிறான். கப்பல் வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. மகள் ஆர்ஷா ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூல் வேனுக்கும் வாடகைக்கும் மட்டும் மாதம் தவறுவதில்லை.

பாட்டுக்காரர்களின் பணம் மழை மாதிரி. கிறிஸ்துமஸில் தொடங்கி, சித்திரையான மேட மாதம் முடியும்வரை உற்சவம், கல்யாணம், ரிசப்ஷன் என்று கொட்டும். ஜூனில் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் பணம் நின்றுவிடும். ஆடி மாதமான கர்க்கடகத்தில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஏப்ரலில் ஒரே வாரத்தில் இருபதாயிரம் கண்ட கை, ஜூலையில் கேஸ் சிலிண்டருக்குத் தடுமாறும்.

இரண்டு வருஷம் முன்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் அவர்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஞானசிகாமணி. அறுபதை நெருங்கியவர். புது ஆம்ப் வாங்க ஒரு பேங்கில் லோன் கேட்கப் போயிருக்கிறார். "மாசம் எவ்வளவு வரும்?" என்று அதிகாரி கேட்க, இவர் "எந்த மாசம் சார்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். லோன் அத்தோடு போயிற்று. ஆனால் அந்த வாரமே அவர் ஒரு யோசனையோடு ஒத்திகைக்கு வந்தார்.

"நாம அஞ்சு பேரு. தனியாப் போனாலும் சேர்ந்து போனாலும், கிட்டுற காசுல நூத்துக்கு நாப்பது ஒரு கணக்குல போடுவோம். மாசாமாசம் அஞ்சாம் தேதி ஆளுக்கு ஒம்பதாயிரம் எடுப்போம். மழையோ வெயிலோ, சம்பளம் போல வரும். எப்படி?"

ஐந்தாவது ஆள் கோட்டை அக்கிரகாரத்து நீலகண்டன், புல்லாங்குழல். சாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "யார் வச்சிருக்கறது பணத்தை?"

எல்லோரும் லீலாபாயைப் பார்த்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் கொடுக்கும் நோட்டை அவர்கள் முன்னாலேயே இரண்டு தரம் எண்ணாமல் மைக்கைத் தொடாதவள் அவள். யாரையும் நம்பமாட்டாள் என்பதாலேயே அவளை நம்பினார்கள். அவள் பெயரிலும் ஞானசிகாமணி பெயரிலும் பேங்கில் கூட்டுக் கணக்கு திறக்கப்பட்டது.

முதல் வருஷம் நன்றாகவே போனது. மே மாதக் கடைசியில் கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. கர்க்கடகத்தில், ஊரெல்லாம் நனைந்து கிடந்த ஓர் ஐந்தாம் தேதி, ஷிபு போனில் வந்த மெசேஜைக் காட்டி, "எனக்கு லைஃப்ல முதல் சம்பளம், சேச்சி" என்று சிரித்தான். அவன் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்கினான்.

இரண்டாவது வருஷ மே மாதத்தில் கணக்கில் இருந்தது ஒரு லட்சத்து ஐந்தாயிரம். இரண்டு மாதத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். அவள் அதை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. நால்வரும் படித்துவிட்டதாக நீல டிக் மட்டும் விழுந்தது. அடுத்த வாரம்தான் அந்த ஸ்கூட்டர்.

அதன்பிறகு குழுவே அடங்கிப்போனது. முன்பெல்லாம் பாட்டு லிஸ்டும் வேடிக்கைப் படங்களுமாக நிறைந்து கிடக்கும். இப்போது ஒத்திகைக்கு வரும்போது மற்ற நால்வரும் ஏற்கெனவே பேசி முடித்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். தான் இல்லாத வேறொரு குழு ஓடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் நீலகண்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதே லீலா. பாஸ்புக்கை ஒரு நாள் ஆத்துக்கு எடுத்துண்டு போகட்டுமா?"

"எடுத்துட்டுப் போங்க சாமி. போட்டோவும் எடுத்துக்கிடுங்க."

மறுநாள் திருப்பிக் கொடுத்தார். ஒரு பைசா தவறவில்லை. ஆனாலும் ஷிபு விடவில்லை.

"புக் கிளியர்தான். புக்ல ஏறுறதுக்கு முன்னால கமிட்டிக்காரன் யார் கையில தருவான்? சேச்சி கையில அல்லே?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் சோறு உண்ணவில்லை. ராஜையன் விசாரித்தான். சொன்னாள். அவன், "நீ எடுக்கல்லியே?" என்றான். அவன்கூடக் கேட்டுவிட்டானே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக வலித்தது.

அடுத்த பத்து நாட்கள் அந்த சீசனில் ஐவரும் சேர்ந்து போன நிகழ்ச்சிகளின் கமிட்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "எனக்கு நீங்க தந்தது எவ்வளவு? மெசேஜா எழுதி அனுப்புங்க" என்றாள். எல்லாம் அவள் நோட்டில் எழுதியதோடு ஒத்துப்போனது. அப்படியானால் குறைந்தது எங்கே? நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். சேர்ந்து போனவை இரண்டு வருஷமும் ஒரே அளவு. தனியாகப் போனதாக அவரவர் சொல்லி எழுதியவைதான் சரிபாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. ஸ்ரீஜித்தின் பெயருக்கு நேராகப் பிப்ரவரி மாதம் முழுக்கக் கோடு, ஒரு நிகழ்ச்சிகூட இல்லை.

ஆர்ஷாவை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்த ஒரு மத்தியானம், சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு ரிசப்ஷன் ரீல்ஸ். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடுகிறார்கள். பின்னால் மேடையில் ஒருவன் கீபோர்டின்மேல் குனிந்திருக்கிறான். ஸ்டாண்டில் ஸ்ரீஜித் எப்போதும் கட்டும் அந்தச் சிவப்புத் துணி. படம் ஏற்றிய தேதி பிப்ரவரி பதினொன்று.

அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டாள். பிறகு சந்தோஷமாகக்கூட இருந்தது என்று அவளே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிவிட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஆடிட்டோரியங்கள், மேக்கப் செய்பவர்கள் என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். ஒரு வாரத்தில் பதினான்கு வீடியோ சேர்ந்தது. ஸ்ரீஜித் ஆறு, ஷிபு நான்கு, நீலகண்டன் ஒரு கிரகப்பிரவேசம். கோவளத்து ரிசார்ட் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்கு மத்தியில் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் வாசிக்கும் ஞானசிகாமணி இரண்டு. திட்டத்தைக் கொண்டுவந்தவரே! அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருவேளை பழைய வீடியோவாக இருக்குமோ என்று பார்த்தாள். அவர் போட்டிருந்த கண்ணாடி இந்த வருஷம் மாற்றியது.

பதினான்காவது வீடியோ நெய்யாற்றின்கரையில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டும் ஆளுக்குப் பின்னால் பச்சைப் புடவையில் நின்று பாடிக்கொண்டிருந்தவள் அவளேதான்.

ஆறாயிரம் கொடுத்தார்கள். அன்று ஸ்கூல் வேன்காரன் வேன்காசு கேட்டு வாசலில் நின்றான். நாளைக்கு எழுதலாம் என்று விட்டாள். எழுதவில்லை. அப்படி இன்னும் இரண்டு இருந்தது: ஒரு விளம்பரப் பாட்டு, ஒரு பிறந்தநாள். மூன்றும் சேர்த்துப் பதினெட்டாயிரம். ஸ்கூட்டருக்கு எண்ணிக் கொடுத்த பணத்தில் அதுவும் இருந்தது. கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியும். ஆனால் ஸ்ரீஜித்தின் அந்த 'ரொக்கமாவா' முழுக்கத் தப்பில்லை.

அந்த வீடியோவை விட்டுவிட்டு மற்ற பதின்மூன்றை மட்டும் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். தன்னால் தேட முடிந்தது அவர்களாலும் முடியும். ஒருவேளை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்களோ?

திங்கட்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் மாடியில் கூடினார்கள். வெளியே மழை. அவள் நோட்டை விரித்து, முதலில் தன்னுடைய மூன்றையும் தேதியோடு வாசித்தாள்.

"இதுக்க நாப்பது சதமானம் ஏழாயிரத்து இருநூறு. இப்ப அக்கவுண்ட்ல போட்டாச்சு. இனி உங்களுக்கது."

போனை நடுவில் வைத்தாள். ஒவ்வொரு வீடியோவாக ஓடியது. யாரோ ஒருவர் கல்யாணத்தின் சிரிப்பும் கூச்சலும் அந்தச் சின்ன அறையில் கேட்டன. நீலகண்டன் மட்டும் மெல்லச் சொன்னார்: "இன்னும் ரெண்டு இருக்கு எனக்கு. உன் கண்ணுல படலை."

ஷிபு எழுந்துவிட்டான். "எங்க பின்னால வந்து ஸ்பை பண்ணினீங்களா? இதுக்கா உங்களை வெச்சது?"

"நீங்க எனக்குப் பின்னால பேசல்லியா?"

"பேசினோம். ஒளிஞ்சு நின்னு பாக்கல."

காசை மறைத்ததைவிட அவள் தேடிப் பார்த்ததுதான் அவனுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. அவன் இறங்கிப் போனான். ஸ்ரீஜித் உட்கார்ந்திருந்தான், ஆனால் குரல் இறுகியிருந்தது.

"உள்ளதைச் சொல்றேன் சேச்சி. நான் மாசம் பத்து புரோகிராம் போறேன். சாமி ரெண்டு. எடுக்கிறது ரெண்டு பேரும் ஒம்பதாயிரம். நான் எதுக்கு எல்லாத்தையும் எழுதணும்?"

நீலகண்டன் தரையைப் பார்த்தார். ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனைச் சொல்லிக் குத்தமில்ல பிள்ளே. எனக்கும் அந்த நெனப்பு வந்துது. திட்டம் போட்டவன் நான், எப்படி வாய் திறந்து சொல்ல?"

மறுநாள் பார்த்தால் ஸ்ரீஜித்தின் இன்ஸ்டாகிராம் பக்கம் பூட்டிக் கிடந்தது.

இருந்த பணத்தை, அவரவர் போட்ட அளவுக்குத் தக்கபடி பிரித்தார்கள். ஷிபு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான். ஸ்ரீஜித் ஒரு பெரிய பேண்டில் சேர்ந்தான். மிஞ்சிய மூவரும் புது முறை ஒன்று வைத்துக்கொண்டார்கள். சீசனில் ஆளுக்கு மாதம் நாலாயிரம் நிச்சயம் போட வேண்டும்; அதற்குமேல் அவரவர் இஷ்டம். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், மழைக்காலத்தில் அவரவர் போட்டதை மட்டும் எடுக்கலாம். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பிழைக்கும் ஏற்பாடு போயிற்று. நீலகண்டனுக்கு அந்தக் கர்க்கடகத்தில் ஒன்பதாயிரத்துக்குப் பதில், பிரித்ததில் தன் பங்காக வந்த நாலாயிரத்துச் சொச்சம்தான் கிடைத்தது. அவர் குறை சொல்லவில்லை. லீலாபாய் ஒரு தனியார் பள்ளியில் வாரம் மூன்று நாள் பாட்டு டீச்சராகச் சேர்ந்தாள். மாதம் பதினோராயிரம்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு வாரத்தில் ஸ்ரீஜித் கூப்பிட்டான். பெரிய பேண்டில் மூன்று மாதமாகப் பணம் தரவில்லையாம்.

"எனக்கும் ஒரு பக்கம் தருவீங்களா சேச்சி?"

"ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வா."

"சேச்சியோடதும் காட்டுவீங்களா?"

"காட்டுதேன்."

சனிக்கிழமை பள்ளி விட்டபிறகு ஒரு சாயாக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் அவனுடைய தாள்களை வரிவரியாகப் படித்தாள். அவன் அவளுடையதைப் படித்தான். சாயா ஆறிப்போனது.

"இந்த நாலாயிரத்து ஐந்நூறு எந்தா?" என்று ஓரிடத்தில் விரல் வைத்தான்.

"ஸ்கூல் அரியர்."

"பேப்பர் உண்டா?"

பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். அவன் தேதியைச் சரிபார்த்துத் தலையசைத்தான். பிறகு போனை எடுத்து நாலாயிரம் அனுப்பினான். தன் போனில் மெசேஜ் வந்து விழுந்த பிறகே அவள் நோட்டில் அவன் பெயரை எழுதினாள்.