அம்மா அமெரிக்காவைப் பற்றிப் பேசிய வெள்ளிக்கிழமை

நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. போன வாரம் துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகன் பள்ளிக்கூட விவாதப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஏன் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் பேசிப் பழகினான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதே கேள்விக்கு என் அம்மா மேடையேறிப் பதில் சொன்னதைப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் பஹ்ரைனில் குதைபியாவில் குடியிருந்தோம். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஏசி மெக்கானிக். இருவருக்கும் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால் சர்ச்சில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை வெள்ளிக்கிழமையே நடந்துவிடும். பூசை முடிந்ததும் தமிழர்கள் பக்கத்து ஹாலில் கூடுவார்கள். அந்த வருடம் பட்டிமன்றம் வைப்பது என்று முடிவானது. தலைப்புதான் கிடைக்கவில்லை. இந்த நாட்டைப் பற்றிப் பேசக் கூடாது, ஊர் அரசியல் கூடாது, மதம் கூடாது, கம்பெனி, சம்பளம் எதுவும் கூடாது என்று ஹால் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மாமியாரா மருமகளா என்றால் அது ஏற்கெனவே இரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசியில் அமெரிக்காவைப் பிடித்தார்கள். அமெரிக்காவைப் பற்றி என்ன பேசினாலும் யாருடைய விசாவும் ரத்தாகாது. அங்கே கறுப்பின மக்கள் பின்தங்கி நிற்கக் காரணம் பிறர் காட்டும் பாகுபாடா, சொந்த முயற்சிக் குறைவா?

நடுவராக ஒப்புக்கொண்டவர் அம்மாவின் ஆஸ்பத்திரியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் அதிகாரி. தமிழர்தான். அம்மாவின் காண்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். நின்றுவிட்டால் அம்மாவும் நானும் ஊருக்கு, அப்பா தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்கு. இது எனக்கும் தெரியும். வீட்டில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை.

‘முயற்சிக் குறைவே’ என்ற அணியின் மூன்றாவது ஆளுக்கு வெள்ளிக்கிழமை டூட்டி விழுந்தது. உடனே அப்பா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். உழைக்கிறவன் எங்கேயும் முன்னுக்கு வருவான் என்று அந்த அதிகாரி வாய்க்கு வாய் சொல்வார். அதையே அம்மா மேடையில் சொன்னால் காரியம் முடிந்தது என்று அப்பா நினைத்தார். அவரே நான்கு பக்கம் எழுதித் தந்தார். அம்மா ஒரு வாரம் மாவு பிசைந்துகொண்டே அதை வாசித்தாள்.

“இதுல உள்ளத மட்டும் வாசி, கேட்டியா? ஆஸ்பத்திரிப் பேச்சே வரப்பிடாது.”

“நான் எதுக்கு அதப் பேசுதேன்? நீங்க எழுதினதே வாய்க்குள்ள நொழைய மாட்டேங்கு.”

முதலில் எதிரணி பேசியது. பாகுபாடுதான் காரணம் என்று மேசையைத் தட்டிப் பேசிய இன்ஜினீயர் மாமா, போன லீவில் ஊருக்குப் போய் இரண்டு பெண்களை நிறம் பத்தாது என்று வேண்டாம் சொல்லிவிட்டு வந்தவர். ஆனாலும் நன்றாகப் பேசினார்.

அம்மா கடைசியாக ஏறினாள். அப்பா எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்தாள். உழைப்பு, ஒழுக்கம், சிக்கனம் எல்லாம் வந்தன. நடுவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்பா என் முதுகில் தட்டினார். இறங்கிவிடுவாள் என்று பார்த்தால் அம்மா தாளை மடித்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“இது எனக்க வீட்டுக்காரரு எழுதித் தந்தது. வாசிச்சிட்டேன். எனக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குல்லா?”

ஹாலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

“எங்க வார்டுக்கு அமெரிக்காவுல இருந்து ஒரு நர்ஸ் வந்திருக்கா. என்னவிடக் கறுப்பு. என்னவிடப் படிப்பும் கூட. ஒருநாளு ஒரு நோயாளிக்க மகன் அவளப் பாத்து, தரை ஈரமாக் கெடக்கு, தொடைன்னாரு. அவளும் தொடச்சா. யாராவது வழுக்கி விழப்பிடாதுல்லா? பெறவு கையக் கழுவிட்டு வந்து, உங்க அப்பாவுக்கு பிரஷர் பாக்கணும்னா. அந்த ஆளு சொல்லுதாரு, நீ வேண்டாம், அமெரிக்கா நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்கள வரச் சொல்லுன்னு.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பா “முடிஞ்சிது” என்று முணுமுணுத்தார்.

“அவளுக்க அம்மைக்குக் கையில பணம் இருந்தும் நல்ல தெருவுல வீடு குடுக்கல்லியாம். கறுப்பருக்கு விக்க மாட்டோம்னுட்டாங்களாம். நல்ல தெருவு இல்லன்னா நல்ல பள்ளிக்கூடம் இல்ல. அது இல்லன்னா நல்ல வேல இல்ல. அவ இதையெல்லாம் தாண்டி வந்தவ. அவகிட்டயே தரையத் தொடைன்னா, தாண்ட முடியாம நின்னவனப் பாத்து முயற்சி பத்தாதுன்னு நான் எப்பிடிச் சொல்ல?”

நடுவர் மணியை அடித்தார்.

“ஒரு நிமிசம் சார். என்னைய பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல இருத்தினாங்க, மீன்வாடை வருதுன்னு. நான் தெனமும் ரெண்டு மட்டம் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் போவேன். இன்னும் என்ன முயற்சி எடுக்கணும்?”

மணி மறுபடி அடித்தது. அம்மா நடுவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

முன்வரிசைக்காரர்கள் நடுவரின் முகத்தைப் பார்த்தார்கள். சத்தம் பின்னால்தான் தொடங்கியது. கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்து, நாற்காலி எல்லாம் குடும்பக்காரர்களுக்குப் போனதால் சுவரோரம் நின்றுகொண்டிருந்த அண்ணன்மார் கை தட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். “யக்கா, இன்னொரு மட்டம் சொல்லுக்கா!” என்று ஒரு குரல். என் வகுப்புப் பெண் ஒருத்தி திரும்பி, “உன் மம்மியா?” என்று கேட்டாள். எப்போதும் தலையை மட்டும் ஆட்டுகிற நான் அன்று, “ஆமா, எங்க அம்மா,” என்று முன்வரிசை வரை கேட்கும்படி சொன்னேன்.

நடுவர் தீர்ப்பை வீட்டிலேயே டைப் செய்து கொண்டுவந்திருந்தார். அதை அப்படியே வாசித்தார். முயற்சிக் குறைவே காரணம் என்ற அணி வென்றது. வென்ற அணியில் இருந்ததற்காக அம்மாவுக்கு ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். எப்போதும் இரண்டு வருடத்துக்கு நீளும் காண்ட்ராக்ட் அந்தத் தடவை ஒரு வருடத்துக்குத்தான் நீண்டது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. அடுத்த வருடம் அவளே வேறு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே நேர்முகத்தில் அவளுக்காக எழுந்து பேசியவள், முன்பே அங்கே மாறிப்போயிருந்த அந்த அமெரிக்க நர்ஸ்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று மத்தியான வெயிலில் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அப்பா ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் கட்டட வாசலில் நான்தான் கேட்டேன்.

“அப்பா, கை தட்டின அண்ணன்மாரெல்லாம் அமெரிக்காவுல வேல பாத்தவியளா?”

அப்பா நின்றார். அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெல்லச் சிரித்தார்.

“இல்ல மக்களே. நாங்க யாரும் அங்க போனதில்ல.”

ஒரு தடவைகூடப் போகாமலேயே அமெரிக்கா மேல் இவர்களுக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டே நான் படியேறினேன்.