வாசல்வரை ஒரு ரிஜிஸ்டர் தபால்

செம்மங்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் ரசாயன ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்துவிட்டு ஷிப்ட் முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று மாலை போனை வாங்கிப் பார்த்தால் அம்மா பலமுறை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"ரெஜினா அத்த போயிட்டாங்கடா. மத்தியானம் சாப்புட்டுப் படுத்தவங்க எழுந்திரிக்கல. மாமா மொதல்ல ஒனக்குத்தான் போன் போட்டாராம்."

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீயும் எழுது என்று மாமா கேட்டதால் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்தது கடலூர் செம்மண்டலத்து வீட்டின் ரெஜினா அம்மாள். ஓய்வு பெற்ற வெளியுறவுத் துறை அதிகாரியின் மனைவி, கணவரோடு பல நாடுகளில் வாழ்ந்தவர். அடக்கத்தன்று பேசிய எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள்: "எவ்வளவு எளிமை!" எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நம் தெருவில் பிறந்தவர்கள் எவ்வளவு உயரம் போனாலும் குனிந்து நடந்தால்தான் பாராட்டு. அத்தை எளிமையானவர் அல்ல. பிடிவாதக்காரி.

அத்தை என் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. அவர் பிறந்ததும் நான் இன்றும் குடியிருப்பதும் ஒரே தெரு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வயலுக்குள் இறங்கும் தெரு. அரசாங்கத் தாளில் காலனி, ஊர் வாயில் சேரி. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் மாமாவுக்கு ஓர் ஆசை வந்தது. வெளிநாடுகளிலிருந்து அத்தை தன் தாய் ஆரோக்கியம்மாளுக்கு எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார். தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண்டலத்துக்குப் போய் உட்காருவேன். முதல் வாரமே சலித்துவிட்டது. அத்தை எண்பதுகளில் போலந்தின் வார்சாவில் இருந்திருக்கிறார். ஊர்வலம், வேலைநிறுத்தம் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த காலம். கடிதத்தில் இருப்பதோ, 'இங்கே குளிர். இன்று கோஸ் பொரியல் செய்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.'

"என்னா அத்த, நாடே பத்திக்கிட்டு எரியுது, நீங்க கோசப் பத்தி எழுதியிருக்கீங்க?"

"கோசுதாண்டா கெடைச்சுது. வேற என்னா எழுதச் சொல்ற?"

"இத யாரு காசு குடுத்து வாங்குவா?"

"வாங்க வேணாம். ஒன் மாமனுக்கு ஆச, புக்கு போடுறாரு. நீ ஏன் குதிக்கிற?" என்று சிரித்தார். பிறகு, "உள்ள இருக்கற சேதிக்காகவாடா நான் கடுதாசி போட்டேன்?" என்றார். அன்று தட்டச்சு நடக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தையின் சிறு வயதில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வர மாட்டார். தெருவுக்கு வரும் தபால் எல்லாம் மெயின் ரோட்டு டீக்கடையில் கிடக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டு வாங்கி வர வேண்டும். அத்தையின் அக்கா ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தார். நேர்முகத்துக்கு வரச் சொன்ன கார்டு பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்து, தேதி கடந்த பிறகு வீட்டுக்கு வந்தது. டீச்சராக வேண்டிய அந்த அக்கா சாகும்வரை நடவு நட்டார். 'தவறிவிட்டது' என்று டீக்கடைக்காரர் சொன்னாராம். யாருடைய கார்டு தவறும், யாருடைய கார்டு தவறாது என்பது அவருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும்.

அதனால் வார்சா போனதும் அத்தை ஒரு முடிவெடுத்தார். வீட்டுக்குப் போடும் ஒவ்வொரு கடிதமும் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோடு. பெறுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்காமல் கொடுக்க முடியாது. டீக்கடையில் போட முடியாது. தபால்காரர் தெருவுக்குள் நடந்து வந்தே ஆக வேண்டும்.

மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார். "எம்பசி பையில போட்டா டெல்லிக்குச் சும்மா போவுது, அங்கேருந்து நம்ம ஸ்டாம்ப்புல ஊருக்குப் போவுது. எல்லா லேடீஸும் அப்பிடித்தான் போடுவாங்க. இவ மட்டும் பனியில போயி அந்த ஊர் போஸ்டாபீசுல க்யூவுல நிப்பா." ஒருமுறை தூதரின் மனைவி, "அப்படி என்ன சொத்துப் பத்திரமா அனுப்புகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். அத்தை, "ஆமாம்" என்று மட்டும் சொன்னாராம்.

ரோஜா நிற ஒப்புகை அட்டைகள் ஆரோக்கியம்மாளின் கைநாட்டோடு வார்சாவுக்குத் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்பதாக அத்தை நினைத்துக்கொள்வார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் ஆசையோடு கேட்டார்.

"போஸ்ட்மேன் வூட்டுக்கு வந்தாராம்மா?"

"அவுரு எதுக்கும்மா வர்றாரு? ரோட்டுல நின்னு பெல்லு அடிப்பாரு. நானே ஓடிப்போயி வெரல வச்சுட்டு வாங்கியாந்துடுவேன். பாவம், வெயில்ல அவ்ளோ தூரம் எதுக்கு?"

இதைச் சொல்லும்போதும் அத்தைக்குக் கோபம் ஆறவில்லை. "நான் அங்க பனியில நின்னு வெறைக்கிறேன். இவுங்க இங்க வெயில்ல ஓடுறாங்க. அந்தாளு நெழல்ல நிக்கிறான்!" அப்போது தன் அம்மாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அடுத்த தபால் வரும்போது கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கேட்டால் கால் வலி.

"பொய்யி சொல்லச் சொல்றியாடி? பாவமில்ல?"

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ படு."

அடுத்த தபால் வந்தது. பெல் அடித்தது. யாரும் ஓடவில்லை. தெருமுனையில் நின்று, "ஆரோக்கியம்மா! ஃபாரின் தபாலு, ஓடியா!" என்ற குரல் கேட்டது. "காலு வலிங்கய்யா, எழுந்திரிக்க முடியல" என்று உள்ளிருந்து பதில் போனது. திருப்பி அனுப்பினால் வெளிநாட்டுத் தபால், மேலதிகாரி கேள்வி கேட்பார். தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சில தபால்களுக்குப் பிறகு, வருவது வருகிறோம் என்று தெருவில் மற்றவர்களுக்கு வந்ததையும் கையோடு கொண்டுவரத் தொடங்கினாராம். மனம் மாறினார் என்றெல்லாம் அத்தை சொல்லவில்லை. "திருந்தலடா, பழகிட்டான். அது போதும்" என்றார்.

எனக்கும் அத்தைக்கும் நடந்த ஒரே சண்டையும் இதில்தான். தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கூரியர்காரர் போன் செய்தார். நான் வாங்கிய ஷூ வந்திருக்கிறது, மெயின் ரோட்டுக்கு வர முடியுமா என்றார். "நான் கடலூர்ல இருக்கேன் ப்ரோ. எங்கம்மாவ அனுப்புறேன்" என்றேன்.

"யார ரோட்டுக்கு அனுப்புற?" என்றார் அத்தை.

"அத்த, இது அது இல்ல. சிமெண்ட் ரோடு நம்ம தெரு முனையோட நின்னுடுது. சேத்துல வண்டி மாட்டிக்கும். அவரும் பாவம், எவ்ளோ வீடு போகணும்."

"எங்கம்மாவும் பாவமின்னுதான் சொன்னாங்க. அப்ப வெயிலு, இப்ப சேறு. ரோடு ஏண்டா நம்ம தெரு முனையில நிக்குது? அதக் கேளு மொதல்ல."

கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். சாலை இன்னும் முனையில்தான் நிற்கிறது. கூரியர்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேரம் தாண்டினால் அவர் கூலியில் பிடிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் யாருடைய கஷ்டத்தைக் குறைக்க யாருடைய தாய் நடப்பது? புத்தகம் வரவில்லை. கோஸ் கதையை யாரும் படிக்க வேண்டாம் என்று அத்தையே நிறுத்திவிட்டார்.

அவரிடமிருந்து நீ வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், வெளிநாட்டு ஸ்டாம்ப் அல்ல, கடிதங்கள் அல்ல. அந்தக் கால்வலியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் லீவில் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு வாங்கிய மிக்சி ஜார் வந்திருந்தது. கூரியர்காரர் போனில் கேட்டார்: "அண்ணா, ரோட்டுல நிக்கிறேன், வந்து வாங்கிக்கிறீங்களா?" அம்மா அதற்குள் செருப்பைத் தேடினாள். அவளை உட்காரச் சொன்னேன்.

"கால் வலிங்க. எழுந்திரிக்க முடியல. உள்ள வந்துடுங்க, மூணாவது வூடு."

போனை வைத்துவிட்டார். பிறகு சேற்றில் வண்டி உறுமும் ஓசை கேட்டது. வாசலுக்குப் போய் நின்றேன். முழங்கால் வரை சேறு தெறிக்க இறங்கியவர் என் காலைப் பார்த்தார்.

"நல்லாத்தான் நிக்கிறீங்க?"

"நீங்க வந்ததும் சரியாயிடுச்சுங்க" என்றேன். அம்மா அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.