நம்பாமல் எழுதிய கடிதம்

அவருடைய இடது கால் பெருவிரலை முதன்முதலில் பார்த்தபோதே எனக்குக் கோபம் வந்தது. நுனி கறுத்து, நகத்தைச் சுற்றிப் புண். பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. வயது முப்பத்தெட்டு. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. பதினான்கு வயதிலிருந்து பீடி, நாளைக்கு இரண்டு கட்டு. புகையிலையால் காலின் ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும் நோய் இது. பெரிதாக மருந்து கிடையாது. புகையிலையை அடியோடு விட்டால் கால் தங்கும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் விரல், பாதம், முழங்கால் என்று அழுகல் மேலே ஏறும். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லையே என்றுதான் கோபம். எனக்குக் கோபம் வர இவ்வளவு காரணம்கூட வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு அப்பால், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சொந்த ஊர் மீனாட்சிபுரம் பக்கம். மாட்டுக்கும் மனுஷருக்கும் ஒரே மரியாதையோடு ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர். இங்கே தோட்டத்துக்காரர்களின் தெக்கத்திப் பேச்சு காதுக்குப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதற்குள், பீடியை விடவைப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பும் எனக்கு வந்துவிட்டிருந்தது.

அந்த நினைப்புக்குக் காரணம் நர்ஸிங் காலேஜில் படித்த கற்றல் கோட்பாடுகள். மற்றவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பாடம் எனக்கு மட்டும் பிடித்துப்போயிற்று. பழக்கம் என்பது தானாக வருவதில்லை, எதுவோ ஒன்று தூண்டுகிறது, உடம்பு அதற்குப் பழகுகிறது, கிடைக்கிற சுகம் அதை இறுக்கிக் கட்டுகிறது. தூண்டுவதை மாற்று, செய்ததைப் பாராட்டு, பழக்கம் தானே அவிழும். அப்புறம், மனிதர்கள் தங்களைப் போன்ற இன்னொருவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு, தங்கள் வாழ்க்கைக்கு உடனே உதவுவதைச் சொன்னால்தான் மனதில் ஏறும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் அவர் மேல் பாய்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். பீடி நினைப்பு வரும்போதெல்லாம் நேரம், இடம், அப்போது என்ன செய்தார் என்று எழுத வேண்டும். வாயில் போட ஏலக்காய் வைத்துக்கொள்ளச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“சிஸ்டர், பொழுதன்னைக்கும் அதையே மோந்துக்கிட்டு கெடக்கேன். அதப் பாத்தாலே எனக்குப் பீடி ஞாபகம்தான் வருது.”

பொரிகடலை என்று முடிவாயிற்று. பீடியை விட்டு ஆறு வருஷமான ஒரு லாரி டிரைவரைக் கூட்டிவந்து அவரோடு உட்காரவைத்தேன். புண்ணில் இறுக்கம் கூடாது, ரப்பர் பூட்ஸைத் தொடவே கூடாது என்று அவர் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, எஸ்டேட்டில் அவரைக் காட்டு வேலையிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து ஸ்டோர்வரைக்கும் ஏலச்செடிகளுக்குள்ளே அரை மணி நடை. சிரமம் என்று இருந்தால் அது மட்டும்தான் என்று நினைத்தேன்.

அவர் பீடியை நிறுத்தினார். முதல் வாரம் எழுத்தே கோணலாக இருந்தது, கை அப்படி நடுங்கியிருக்கிறது. இரண்டாவது வாரம் பக்கத்துக்கு ஏழெட்டு வரி. நாலாவது வாரம் இரண்டு வரி. வாரா வாரம் கட்டுப் பிரிக்க வரும்போது நோட்டைப் பார்த்து நான் பாராட்டுவேன். பாராட்டும்போது அவர் முகம் மலர்வதைப் பார்த்து, பாடம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் என்னையும் பாராட்டிக்கொள்வேன்.

ஆனால் புண் ஆறவில்லை. இரண்டாவது விரலும் கறுத்தது. மழை விடாமல் பெய்த ஏழாவது வாரம், பாதத்தின் மேலே நீலம் பூத்திருந்தது. விட்டவருக்கு இப்படி ஆகக் கூடாது. அவரிடம் எதுவும் சொல்லாமல் சிறுநீர் எடுத்துவரச் சொல்லி, உடம்பில் புகையிலைச் சத்து இருக்கிறதா என்று காட்டும் பட்டையை அதில் நனைத்தேன். இருந்தது. கொஞ்சமாக அல்ல, நன்றாகவே இருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறியது. ஏமாந்துவிட்டேனே என்ற அவமானம்தான் பெரிது. கால் போகப் போகிறதே என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர் மனைவியை வைத்துக்கொண்டே கேட்டேன்.

“ஏனுங்க, என்னயப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுதுங்க? நோட்டுல கதையா எழுதிட்டு வந்திருக்கீங்க?”

எங்கள் ஊரில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். அப்படித் திட்டினால் இன்னும் ஆழமாகக் குத்தும்.

“இல்ல சிஸ்டர். நா குடிக்கல.”

“பட்டை பொய் சொல்லாதுங்க.”

“ஒண்ணுகூடக் குடிக்கல சிஸ்டர். அவகிட்டக் கேளுங்க.”

மனைவி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். புருஷனுக்காகப் பேசத்தானே போகிறாள் என்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப வேண்டிய நிலைமைதான் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தில், நர்ஸ் குறிப்பு என்ற இடத்தில் நான் எழுதினேன்: புகைப்பழக்கம் தொடர்கிறது, நோயாளி மறுக்கிறார். கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவர் நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. வீம்பு என்று நினைத்தேன். இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம், வீம்பைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். அழுகல் ரத்தத்தில் கலந்தால் கால் மட்டுமா போகும் என்ற பயமும் வழியெல்லாம் கூடவே வந்தது.

லயத்து வாசலில் அவர் மனைவி குந்தியிருந்தாள். முன்னால் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர். அதில் புகையிலையைப் பிய்த்துப் போட்டுக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய வேட்டியைக் கிழித்த துணி.

“இது எதுக்குங்க?”

“அட்டைக்கு சிஸ்டர். மழை நிக்கலல்ல. காட்டுக்குள்ள அட்டை புடுங்குது. அவுக கக்கூஸுக்குப் போவணும்னாலும் செடிக்குள்ளதான நடக்கணும். புண்ணுல ஏறுச்சுன்னா விடவே விடாது. இதுல துணிய நனைச்சுச் சுத்திட்டா கிட்ட வராது.”

“புண்ணு மேலயா சுத்தறீங்க?”

“நீங்க கட்டுன கட்டுக்கு மேலதான். அது தண்ணிய இழுத்துக்கிரும். ஆஸ்பத்திரிக்கு வாரன்னைக்கு வாசல்லயே துணிய அவுத்துருவாக.”

“எத்தனை நாளாங்க?”

“பூட்ஸ் போடக் கூடாதுன்னு நீங்க சொன்னீகள்ல, அன்னையிலேருந்து ரெண்டு வேளையும்.”

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு ஆகவே ஆகாத அந்த ஒன்று, தினம் இரண்டு வேளை, ஈரத்தோடு, திறந்த புண் வழியாக அவருக்குள் இறங்கியிருக்கிறது. பூட்ஸைக் கழற்றச் சொன்னது நான். அதற்குப் பதில் அட்டைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்காததும், வாராவாரம் கட்டில் பார்த்த பழுப்புக் கறையைச் சேறு என்று விட்டுவிட்டதும் நான். பெரியவர்களுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லிக்கொடு என்று படித்தவளுக்கு, அவர்கள் வாழ்க்கையில் அட்டை இருப்பது தெரியவில்லை. ஏழு வருஷமாக இதே மலையில் என் காலிலும்தான் ஏறிக்கொண்டிருந்தது.

புகையிலையைக் காலிலும் வைக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது.

“பீடி குடிக்கக் கூடாதுன்னுதான சிஸ்டர் சொன்னீக?”

ஆமாம். அதை மட்டும்தான் சொன்னேன். நனைந்த கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, “அப்ப நாந்தான் அவுக காலக் கெடுத்தேனா?” என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

உள்ளே அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். மெடிக்கல் காலேஜில் கடிதத்தைப் படித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று சொல்லி, திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டப்போகிற காலுக்குக் கட்டு எதற்கு என்றுதான் அவர் வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை ஒழுங்காக வரவில்லை. அவர் திரும்பாமலே பேசினார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிய விட்டு எறங்குனதும் ரெண்டு பீடி வாங்கிக் குடிச்சேன் சிஸ்டர். நாப்பத்தொம்பது நா கழிச்சு. பொய்யன்னு ஆயாச்சு, பெறகு என்னத்துக்கு அடக்கணும்? அந்த ரெண்டோட சரி, பெறகு தொடல. இல்லன்னு சொன்னப்ப நம்பல. ஆமான்னு சொல்லுதேன், இதயாவது நம்புங்க.”

பாடத்தில் இதுவும் இருந்தது. ஒழுங்காகச் செய்தவரைத் தண்டித்தால் ஒழுங்கு போய்விடும் என்று. அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன்.

திங்கட்கிழமை அவர்களோடு நானும் பஸ் ஏறினேன். மூன்று மணி நேரப் பயணம். சர்ஜன் மலையாளத்தில் பேசுகிறவர், அவசரக்காரர். என் கடிதம் அவர் மேஜையிலேயே கிடந்தது. அதில் நான் எழுதியது தப்பு என்றேன். எங்கே தப்பு என்று கேட்டார். அட்டை, துணி, புகையிலைத் தண்ணீர், எல்லாம் சொன்னேன். அந்த இரண்டு பீடியையும் சொன்னேன், அதற்குக் காரணம் யார் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கணுக்காலில் விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். இருக்கிறது என்றார். புகையிலை உண்மையாகவே நின்றால் மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம், நிற்காவிட்டால் பொறுப்பது ஆபத்து, விஷம் ஏறிவிடும் என்றார். பிறகு நோயாளியைப் பார்த்து நேராகக் கேட்டார்: தொடமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

அவர் சர்ஜனைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டினார்.

“அவுகளக் கேளுங்க. அவுக எழுதுனாத்தான நம்புவீக?”

அந்த அறையில் நான் அழுதேன். அழுதுகொண்டே பேனாவை வாங்கி, முன்பு எழுதிய வரியை அடித்து, கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம். தினம் காலையில் ஜீப் பிடித்துப் போய்க் கட்டுப் பிரித்தேன். முதல் ஐந்து நாள் நீலம் அசையவில்லை. ஆறாவது நாள் இன்னும் ஏறியதுபோல் தெரிந்து, தப்பாகப் பொறுக்கச் சொல்லிவிட்டேனோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன். ஒன்பதாவது நாள் பாதம் லேசாகச் சூடாக இருந்தது. என் கைதான் சூடோ என்று அவர் மனைவியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது.

இப்போது அவர் மாதம் ஒரு முறை வருகிறார். லேசாகச் சாய்ந்து நடக்கிறார். மழை நாளில் அட்டை ஏறாமலிருக்க நாங்கள் தைத்துக் கொடுத்த, முழங்கால் உயரக் கெட்டித் துணி உறை போட்டுக்கொள்கிறார். சிரிக்கிறார், பொரிகடலைகூட நீட்டுகிறார். ஆனால் உட்காருவதற்கு முன்னால் கக்கூஸுக்குப் போய், யாரும் கேட்காமலே, ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் எடுத்துவந்து என் மேஜையில் வைத்துவிடுவார். வேண்டாம், நான் உங்களை நம்புகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

“இருக்கட்டும் சிஸ்டர்,” என்பார். கோபமே இல்லாத குரலில்தான் சொல்வார்.