சங்குக்காரர் சொன்ன வலம்புரி

பல்லு அக்கா வீட்டு வாசல்ல "இங்கே பல் வெட்டித் தரப்படும்"னு ஒரு போர்டு தொங்கும். மாசத்துக்கு ஒருத்தராவது வீங்கின கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. "உங்க பல்லு இல்லைங்க, சக்கரத்துப் பல்லு. டாக்டர் அடுத்த தெரு"ன்னு அக்கா சலிக்காம அனுப்பி வைப்பாங்க. "அந்த போர்டை மாத்தித் தொலையேன்"னு அவங்க வீட்டுக்காரர் சொல்லாத நாள் இல்ல. அவர் ஸ்கூல்ல பூகோள வாத்தியார். "வழி சொல்றதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன், நீங்க சொல்லுங்க"ம்பாங்க அக்கா.

சமையல்கட்டுக்குப் பின்னாடி ரூம்தான் பட்டறை. இரும்பைக் கடையற ஒரு பழைய லேத், பல்லு வெட்டற ஒரு சின்ன மில்லிங் மெஷின். ரெண்டுக்கும் நடுவுல நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நடக்க முடியும். ஃப்ரிட்ஜ் ஓடுற நேரம் லேத்தைப் போட்டா ஃபியூஸ் போயிடும். அந்த ரூம்ல இருந்துக்கிட்டு, எந்தக் கடையிலயும் கிடைக்காத பல்சக்கரத்தை எல்லாம் செஞ்சு குடுத்துடுவாங்க. அங்க எடுபிடியா இருக்கற எனக்கு நினைச்சாலே புல்லரிக்கும்! அப்பேர்ப்பட்டவங்க ஒரே ஒரு வார்த்தையில சறுக்கிட்டாங்க.

ஒரு திங்கட்கிழமை சங்குக்காரர் வந்தார். சங்கு, சிப்பி எல்லாம் அறுத்து சட்டை பட்டன் செய்றவர். அவர் பொண்டாட்டி டெய்லர். வீடு மாடியில, தையல் கடை நேர் கீழே. ஒரு விபத்துக்கு அப்புறம் அந்தம்மாவால படி இறங்க முடியாது. அதனால படியோரமா தண்டவாளம் மாதிரி போட்டு, கைப்பிடியைச் சுத்தினா ஏறி இறங்கற ஒரு நாற்காலி வெச்சிருந்தாங்க. அதோட பெட்டிக்குள்ள திருகாணி மாதிரி ஒரு இரும்புத் தண்டு இருக்கும், அதுக்குப் பேருதான் வார்ம். அது சுத்தச் சுத்த, பக்கத்துல இருக்கற வெண்கலச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லா நகர்த்தும். இதுல அழகு என்னன்னா, வார்ம் சக்கரத்தைத் தள்ளும், ஆனா சக்கரத்தால வார்மைத் தள்ள முடியாது. அதனால கையை எடுத்தாலும் நாற்காலி விட்ட இடத்துலயே நிக்கும்!

அந்தச் சக்கரத்துலதான் பல்லு எல்லாம் தேஞ்சு மொழுக்குன்னு ஆகியிருந்தது. பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தார்.

"மூணு வாரமா அவ கீழயே இறங்கல அக்கா. கடை பூட்டிக் கிடக்கு. அடுத்த திங்கட்கிழமை திறக்கலைன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு ஓனர் சொல்லிட்டார். பன்னெண்டு வருஷக் கடை."

"அண்ணே, தூக்கிட்டு இறங்க முடியாதா?"

"ஒரு தடவை தூக்கினேன். ரெண்டு பேருமா நாலு படி உருண்டோம். இனிமே கிட்ட வந்தா தெரியும் சேதின்னுட்டா."

பெட்டி மேல ஒண்ணுக்கு நாப்பதுன்னு பொறிச்சிருக்கறதா அவர் சொன்னதால நாப்பது பல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. வார்ம் மட்டும் துரு பிடிச்சு பெட்டியை விட்டு வரல. சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனதும் அக்கா போன் போட்டு, புரிக்குப் புரி எவ்வளவு தூரம்னு அளக்கச் சொன்னாங்க. பட்டன் செய்யற கை, நூலளவு பிசகாம சொன்னார். கடைசியா, "ரைட் த்ரெட்டா, லெஃப்ட் த்ரெட்டா?"ன்னாங்க.

"த்ரெட்டுன்னா எங்க வீட்ல நூல்தான் அக்கா."

"சரி, புரி எந்தப் பக்கம் சுத்திப் போகுது? வலமா இடமா?"

"அப்படிக் கேளுங்க! வலம்புரி. சந்தேகமே வேணாம், முப்பது வருஷமா இதைத்தானே பார்க்கறேன்."

தமிழ்ல கேட்டதுதான் வினை!

நூத்துக்குத் தொண்ணூறு திருகாணி வலப்பக்கம் சுத்தறதுதான். அக்காவும் ஏன் எதுக்குன்னு கேக்கல. வெண்கலத்தை வட்டமா கடைஞ்சு, நாப்பது இடத்துல கீறி, வார்ம் அளவுக்கே ஒரு கட்டர் செஞ்சு, ரெண்டையும் உரசவிட்டுப் பல்லு எடுத்தாங்க. மூணு நாள். அக்கா தலைமுடி எல்லாம் வெண்கலத் தூள். வெள்ளிக்கிழமை காலைல சங்குக்காரர் வீட்டுக்கு மாட்டப் போனோம், வாத்தியாரும் லீவு போட்டுட்டு வந்தார்.

சேரல. நாப்பது பல்லும் சரி, விட்டமும் சரி, ஆனா சக்கரம் வார்மோட உக்காரவே மாட்டேங்குது. பல்லு ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு, வார்மோட புரி இன்னொரு பக்கம் சாய்ஞ்சிருக்கு.

"திருப்பிப் போடுங்க அக்கா"ன்னார் சங்குக்காரர்.

திருப்பிப் போட்டாங்க. அதே சாய்வு! நானும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் சாய்வு மாறவே இல்ல, எனக்குத் தலைதான் சுத்துச்சு.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "இப்ப பூமியை எடுத்துக்கோ. வட துருவத்துல இருந்து பார்த்தா இடமா சுத்தும், தென் துருவத்துல இருந்து பார்த்தா வலமா..."

"பூமிக்குப் புரி கிடையாதுங்க. சும்மா இருங்க."

ரூமுக்குள்ள இருந்து டெய்லரம்மா குரல் வந்துச்சு. "பூட்டு சாவியை எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியாத மனுஷன். அவர்கிட்ட போயா வலம் இடம் கேட்டீங்க?"

சங்குக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. அலமாரியில, யார் கேட்டும் விக்காம வெச்சிருந்த ஒரு சங்கை எடுத்துட்டு வந்தார். சுருள் ஆரம்பிக்கற கூர் முனை கீழ, நீண்ட வாலு மேல வர்ற மாதிரி பிடிச்சார். "பாருங்க, வாய் வலது கைப்பக்கம் திறக்குது. வலம்புரியா இல்லையா?"

அக்கா பையில இருந்து ஒரு போல்ட்டை எடுத்து சங்கு பக்கத்துல நிக்கவெச்சாங்க. போல்ட்டுல கோடு வலது பக்கமா ஏறுது. சங்குல கோடு இடது பக்கமா ஏறுது! சங்குத் தொழில்ல எதை வலம்புரிங்கறாங்களோ, பட்டறையில அதுதான் லெஃப்ட் த்ரெட்.

சங்குக்காரர் சங்கை மெதுவா கீழ வெச்சார்.

"அப்ப நான் சொன்னது தப்பா அக்கா?"

"இல்லண்ணே. நான் கேட்டதும் தப்பில்ல. சக்கரம்தான் தப்பு. நேர்ல வந்து ஒரு எட்டு பார்த்திருக்கணும், அது என் சோம்பேறித்தனம்."

சொல்லும்போது அக்கா முகம் சுண்டிப்போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. திங்கட்கிழமைக்கு நடுவுல ரெண்டே நாள். முழுச் சக்கரத்துக்கு வேற வெண்கலமும் இல்ல.

அக்கா அன்னிக்கே தப்புப் பல்லை மொத்தமா கடைஞ்சு எடுத்துட்டு, மூலையில கிடந்த, குழாய் மாதிரி ஒரு பெரிய வெண்கல புஷ்ஷை வளையமா அறுத்து அது மேல இறுக்கி மாட்டினாங்க. கட்டரைப் புதுசா செய்யணும், இந்தத் தடவை லெஃப்ட்ல. அதுக்கு லேத்துல உளி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா நகரணும். இத்தனை வருஷப் பழக்கம், கை தானா பழைய பக்கமே போச்சு. ரெண்டு தடவை பாதியில "ஐயோ"ன்னு நிறுத்தினாங்க. அப்புறம் லேத்து மேல சாக்பீஸ்ல பெருசா அம்புக்குறி போட்டு, வாத்தியாரைப் பக்கத்துல உக்கார வெச்சாங்க.

"நான் தப்பா போனா கத்துங்க."

"எது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்புக்கு எதிர்ல போனா தப்பு. இது போதும் உங்களுக்கு."

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஃப்ரிட்ஜை அணைச்சே வெச்சிருந்தாங்க, பால் திரிஞ்சுபோச்சு.

திங்கட்கிழமை காலைல எட்டு மணி. சக்கரத்தை வெச்சதும், வார்ம் தானா வான்னு கூப்பிட்ட மாதிரி உள்ள போய் உக்காந்துச்சு! முதல்ல வாத்தியாரை நாற்காலியில உக்காரவெச்சு இறக்கினோம். நடுவுல சங்குக்காரர் கைப்பிடியை விட்டார். வாத்தியார் கண்ணை இறுக்க மூடிக்கிட்டார். நாற்காலி அசையல.

அப்புறம் டெய்லரம்மா உக்காந்தாங்க. பதினாறு படி. இறங்கி, ஊன்றுகோலை ஊனிக்கிட்டு, தானே ஷட்டரைத் தூக்கி, மெஷின் மேல இருந்த தூசியைப் புடவைத் தலைப்பால துடைச்சு, டேப்பை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டாங்க. மேல படியில ஸ்பேனரும் கையுமா நின்ன அக்கா அப்படியே உக்காந்துட்டாங்க.

பத்து மணிக்கு ஓனர், கடையைக் காட்டறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தார். திறந்திருந்த ஷட்டரைப் பார்த்து வாசல்லயே நின்னுட்டார்.

"வாங்க வாங்க, யாருக்கு அளவு எடுக்கணும்?"னு எழுந்தாங்க டெய்லரம்மா.

வந்த ஆள் ஓனரைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஒண்ணும் புரியாம ரெண்டு கையையும் மெதுவா தூக்கினார். அந்தம்மா மார்பளவு எடுக்க ஆரம்பிச்சாங்க.