ஜன்னலோர நாற்காலி

மெழுகில் பல் பதிக்கும் கைகள் அவசரப்படக் கூடாது. கத்தியைச் சுடரில் காட்டி, மெழுகை இளக்கி, முன்பல்லை மயிரிழை உள்ளே சாய்த்தன அந்தக் கைகள். பல்செட் செய்யும் அந்தப் பட்டறையில் மேல்வரிசை அடுக்க அவரைத்தான் நம்புவார்கள். ஜன்னலோர நாற்காலி அவருடையது. பல்லின் நிறம் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும்.

இப்போது அந்த நாற்காலியைப் பற்றித்தான் அவருக்குச் சந்தேகம்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள். கைக்குழந்தையை இனி அப்பா பார்த்துக்கொள்வதென்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். புதுச் சட்டம் தகப்பனுக்கும் விடுப்பு தந்திருந்தது. முதலாளி எகிறிக் குதிப்பார் என்று நினைத்துத்தான் போய்க் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கோங்க, குழந்தைதானே முக்கியம்" என்று முதலாளி சிரித்தார். "போறதுக்கு முன்னாடி அலமாரியில உள்ளதை எல்லாம் முடிச்சுக் குடுத்துடுங்க. ஒண்ணும் மிச்சம் வேணாம்."

அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தொடங்கிய செட்டை இன்னொருவர் தொடமாட்டார். கை மாறினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தும் கடி மாறிவிடும். விடுப்பில் போகிறவர் அவசரமில்லாத செட்டுகளை அவற்றின் தட்டுகளோடு அலமாரியிலேயே விட்டுப்போவார். தட்டு இருந்தால் ஆள் வருவார். அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னால்?

பிளாஸ்டர் அறையில் இருந்த அக்காவிடம் போய்ச் சொன்னார். அவளும் முன்பு பல் அடுக்கியவள்தான்.

"என்கிட்டயும் இப்படித்தான் தேன் ஒழுகச் சிரிச்சாரு" என்றாள், பிளாஸ்டரைக் கலக்கியபடி. "பிள்ளை பெத்துட்டு வந்து பார்த்தா என் இடத்துல வேற ஆளு. அதே சம்பளம்தானேம்மான்னு இங்க தள்ளிட்டாரு. ஆம்பளைன்னா விட்டுடுவாருன்னு நெனச்சியா தம்பி?"

திரும்ப முதலாளியிடமே போனார். "லீவு முடிஞ்சு வந்தா என் வேலை எனக்குத்தானே, சார்?"

"வேலை கண்டிப்பா இருக்கும். எந்த நாற்காலின்னு சட்டத்துல எழுதியிருக்கா என்ன?" அதே சிரிப்பு.

அவர் இருக்கைக்குத் திரும்பினார். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் முடித்தார். கடைசியாக ஒரு தற்காலிக செட். பல் முழுதும் பிடுங்கிய ஒருவருக்கு, ஈறு ஆறும்வரை போட்டுக்கொள்ள. ஆறிய பிறகு நிரந்தர செட் செய்ய வேண்டும். தற்காலிக செட்டை வாங்கிப்போகப் பல் டாக்டர் நேரில் வந்தார். பட்டறைக்குப் பெரிய வாடிக்கை அவர்தான். வழக்கமாக முதலாளி கொடுப்பார். இன்று செட் இருந்த பெட்டியை, அதைச் செய்தவரே எடுத்துவந்தார்.

"டாக்டர், நான் லீவுல போறேன். ஈறு ஆறி நிரந்தர செட்டுக்கு நீங்க சொல்லும்போது வந்துடுவேன்."

"நீங்களே செய்யணும்." டாக்டர் முதலாளியைப் பார்த்தார். "கை மாத்திடாதீங்க."

"சேச்சே, இவர்தான் செய்வாரு."

"எங்க உக்காந்து, சார்?" பிளாஸ்டர் அறை வாசலில் அக்கா நின்றிருந்தாள், முழங்கைவரை வெள்ளையாக.

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஜன்னல்கிட்டதாம்மா! வேற எங்க?"

"நானும் அங்கதான் உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா.

முதலாளியின் வாக்கில் இவருக்கு இன்னமும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் டாக்டர் காதில் விழுந்துவிட்டது. இவர் அந்த நோயாளியின் வாய் அச்சுகளைத் தட்டில் வைத்து, காலியான அலமாரியில் எல்லோருக்கும் தெரியும்படி ஏற்றினார். பிறகு பெட்டியைத் திறந்து காட்டி, மூடி, டாக்டரின் கையில் கொடுத்தார்.